ஏறக் காசு

திபிலிசியில், எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தில்
லிஃப்ட் ஏறுவதற்குக் காசு கேட்கும்.
இறங்க இலவசம்.
பத்து தெத்ரி நாணயம் போட்டால்
தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிளம்பும்.

பகலில் ஒரு வங்கிக்கு நிரல் எழுதுகிறேன்.
யார் பணமோ யாருக்கோ போகிறது,
நடுவில் நான் ஒரு அரைப்புள்ளி.
இரவில் சமையல் மேசையில்
பாலாடைக்கட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு
சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன்.
புகை போக ஜன்னலைத் திறந்தால்
கீழே நாய்கள், மலைமேல் தொலைக்காட்சிக் கோபுரம்.

இந்த மார்ச்சில் கையில் சிக்கியது
காற்றழுத்தம் அளக்கும் சில்லு,
சுண்டுவிரல் நகமளவு.
மேலே போகப் போகக் காற்று இளைக்குமல்லவா,
ஒரு மாடிக்கு மூன்றிலொரு மில்லிபார்.
அந்த இளைப்பு போதும் அதற்கு.
காசு விழும் அதிர்வைப் பிடிக்க
பக்கத்தில் இன்னொரு சில்லு.
இரண்டுக்கும் சேர்த்துப் பெட்டி அச்சிட்டேன்.
வீட்டில் மிச்சமிருந்தது ஆரஞ்சு நிற இழை மட்டும்.
முதல் பெட்டி மூலையில் சுருண்டுகொண்டது.
இரண்டாவதன் மூடி அரை மில்லிமீட்டர் முரண்டு பிடித்தது.
மூன்றாவதை அரத்தால் ராவி, காந்தம் ஒட்டி,
லிஃப்டுக்குள் காசுப்பெட்டியின் முதுகில்
ஒளித்துவைத்தேன்.

பதினொரு நாள்.
திரையில் கட்டடம் மூச்சுவிட்டது.
எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள், ஒரே மூச்சாக.
இரவு இரண்டுக்கு மூன்றாம் மாடி,
யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.
பெயரில்லாத கோடுகள்தான்,
ஆனாலும் சாவித்துவாரத்தில் கண் வைத்தாற்போல்
காது சுட்டது.

எட்டாம் மாடிக் கணக்கு மட்டும் இடித்தது.
தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஒருவர் இறங்குகிறார்.
காசு போட்டு ஏறியதாக
ஒரு வரிகூட இல்லை.

ஏழை என்று முடிவு கட்டினேன்.
எண்களைப் பார்த்தால் இப்படித்தான்,
மீதியை நானே எழுதிவிடுவேன்.
இரும்பு வளையம் ஒன்றை உள்ளே புதைத்து
ஆரஞ்சு நாணயம் அச்சிட்டேன், எடைகூடச் சரி.
எட்டாம் மாடிக் கதவடியில்
பெயர் போடாமல் தள்ளினேன்.

அவர் அதை ஏழாம் மாடிப் பொடியன் சாபாவிடம் கொடுத்திருக்கிறார்.
சாபா அதை எந்திரத்துக்குக் கொடுத்தான்.
எந்திரம் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.
பழுதுபார்க்க வந்தவர் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டு
உதிரிப்பாகம் வெள்ளிக்கிழமை என்று
சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டுப் போனார்.

அன்று மாலை நாலாம் மாடித் திருப்பத்தில்
உருளைக்கிழங்குப் பையோடு ஜும்பெர்.
எல்லோரும் திட்டிக்கொண்டே ஏற
அவர் மட்டும் வழக்கம்போல ஏறினார்.
கேட்டுவிட்டேன்.

"தொண்ணூற்று மூன்றில் கரண்ட் போய்
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பதினாறு மணிநேரம், நுத்சா.
அன்று ஏறிக்கொண்டிருந்தேன்."

"அப்படியானால் இறங்கும்போது?"

"இறங்கும்போது என்ன?
அறுந்து விழுந்தாலும்
நான் போகவேண்டிய இடத்துக்குத்தானே போகும்!"

சிரிப்பில் ஒரு கிழங்கு தவறி
படிப்படியாக உருண்டு மூன்றாம் மாடி வரை போனது.
நான்தான் போய் எடுத்துவந்தேன்.
ஆரஞ்சுக் காசு என் வேலை என்பதைச் சொல்லவில்லை.
என் விரல்நுனியில் ஆரஞ்சுத் தூள்,
அவர் அதைப் பார்த்தாரா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கழற்றினேன்.
லிஃப்ட் நின்ற மூன்று நாளும்
நேர்கோடாக இருக்குமென்று நினைத்திருந்தேன்.
கோடு சரிந்திருந்தது.
மெல்ல, மிக மெல்ல, இரண்டு நாளாக,
ஆறாம் மாடியில் அசையாமல் தொங்கிய பெட்டி
முப்பது மாடி ஏறியதுபோல.

ஜன்னலுக்குப் போனேன்.
மேற்கே கோபுரத்தின் தலை காணவில்லை.
முதல் துளிகள் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தன,
ஒவ்வொன்றும் பத்து தெத்ரி ஓசையோடு.

அந்த வரிகளைப் பிழை என்று நீக்கும் ஒரு கட்டளை
என் நிரலில் இருக்கிறது.
இன்று அதன்முன் ஒரு குறி போட்டு
உறங்க வைத்திருக்கிறேன்.